கூளையம்பட்டியின் இரட்டைக்குழல் பெரியவர்

கூளையம்பட்டிக்காரர்களை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள். 'மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடு' என்று அங்கே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனால், மழை வராத வருஷத்தில் அந்தத் துணி வருஷம் முழுக்கக் கொடியிலேயே கிடக்கும்.

அந்த ஊர் நாட்டாமை ஒச்சப்பன் வீட்டுப் பரணில் ஒரு துப்பாக்கி கிடந்தது. சீமையில் செய்தது. இரண்டு குழலும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, ஊருக்குக் கப்பலேறும்போது ஒச்சப்பனின் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. லைசென்ஸை மூன்று தலைமுறையாகத் தவறாமல் புதுப்பித்தார்கள். துப்பாக்கியைப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றவில்லை. குழலில் துரு, கட்டையில் கரையான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பேச்சியக்காவின் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதனால் ஊர் முழுவதுக்கும் வேண்டிய விதைக்கடலையை அவளுடைய ஒரு ஏக்கர் காட்டில்தான் போட்டிருந்தார்கள். அது போனால் அடுத்த பட்டத்துக்கு யார் வீட்டிலும் விதை கிடையாது. புருஷனை இழந்த பேச்சியக்காவுக்கோ அந்தக் காட்டை விட்டால் வேறு கதியே இல்லை. காட்டுப்பன்றிகள் பொழுது சாயும்போது இறங்கும். அவள் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைத் தட்டுவாள். பன்றிகள் திரும்பிப் போய்விடும்.

"ஒத்தப் பொம்பள எத்தன நாளைக்குத் தகரம் தட்டும்?" என்றார் ஒச்சப்பன். நல்ல மனுஷர். கெடுதல் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அவரும், அவருக்கு வலது கை இடது கையாக இருந்த சன்னாசியும் வீரணனும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே துப்பாக்கி பழுது பார்க்கும் ரஷீது பாய் இரண்டு மாதம் வைத்துக்கொண்டார். துருவைச் சுரண்டி, கட்டையை இழைத்து எண்ணெய் தடவி, இரும்பில் செதுக்கியிருந்த இரண்டு பறக்கும் வாத்துகளைத் துடைத்து வெளியே கொண்டுவந்தார். பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

கொடுக்கும்போது பாய் மூன்று விஷயம் சொன்னார்.

"நூறு வயசு தாண்டினது. பெரியவங்களப் பாத்துக்குற மாதிரி பாத்துக்கங்க. வலது குழல் கிட்டத்துல இருக்கறதுக்கு, இடது குழல் தூரத்துல இருக்கறதுக்கு. முப்பது கஜம்னு கணக்கு வச்சுக்கங்க. அப்புறம், முக்கியமான விஷயம். உள்ள தோட்டா இருக்குன்னுதான் எந்நேரமும் நெனைக்கணும். இல்லன்னு ஒரு நிமிஷம்கூட நெனைக்கக் கூடாது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

பஸ்ஸில் துப்பாக்கிப் பெரியவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்தார்கள். வழியில் டீக்கடையில் நாலு டீ சொன்னார்கள். நாலாவது டீ ஆறிப்போனது.

"வேணாங்கறாரு. சர்க்கரை வியாதியா இருக்கும்" என்றான் வீரணன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேச்சியக்காவின் தகரத்தைப் பிடுங்கினார்கள். நூறு வயதுப் பெரியவர் இருக்கிற இடத்தில் தகரம் தட்டலாமா? அவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். நாட்டாமை அசையவில்லை.

சாயங்காலம் காட்டுக்குப் போய் முப்பது கஜம் அளந்து ஒரு முளை அடித்தார்கள். துப்பாக்கிக்கு இரண்டு விசை. கிட்டத்து விசைக்குச் சன்னாசி, தூரத்து விசைக்கு வீரணன். இரண்டு பேரும் ஒரே கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தார்கள்.

"தோட்டா போட வேணாமாண்ணே?" என்று வீரணன் கேட்டான்.

ஒச்சப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய் என்ன சொன்னாரு? உள்ள இருக்குன்னே நெனைக்கணும்னாரா இல்லையா? இப்ப நீ போட்டேன்னா, முந்தி இல்லன்னு நெனைச்சதா ஆகுமே?"

"ஏற்கெனவே ரெண்டு இருக்கு. மேல ரெண்டு போட்டா நாலு. இந்த வயசுல அவரு ஒடம்பு தாங்குமா?" என்றான் சன்னாசி.

வீரணன் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தான். தோட்டாப் பெட்டி ஒச்சப்பன் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் நிம்மதியாக இருந்தது.

பன்றிகள் இறங்கின. முன்னால் வந்த பெரிய பன்றி நேராக முளைக்கு வந்து நின்றது. தலை முளைக்கு இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம்.

"இது உன் பன்னியா, என் பன்னியா?" என்றான் வீரணன்.

"மொகம் என் பக்கம் இருக்கு. மொகத்த வச்சுத்தான் ஆள் அடையாளம்."

"ஒடம்புல முக்காவாசி என் பக்கம் இருக்கேப்பா."

ஒச்சப்பன் நிதானமாக யோசித்தார். நாட்டாமை அல்லவா? "மொதல்ல அது திங்கட்டும். எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கத்து ஆள் சுடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். பன்றி அந்த இடத்துக் கடலையைத் தீர்த்துவிட்டு மெதுவாகச் சன்னாசி பக்கம் வந்தது.

சன்னாசி விசையை அழுத்தினான். டிக்.

பன்றி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கிளற ஆரம்பித்தது.

"சத்தம் வரலியே?" என்றான் வீரணன்.

"நூறு வயசுல பின்ன கூப்பாடா போடுவாரு?" என்றார் ஒச்சப்பன்.

"பன்னியும் விழலியேண்ணே."

"தோட்டா இருக்குன்னு நெனைச்சோம். வெடிச்சிச்சுன்னு நெனைச்சுக்கிட்டோம். பன்னி விழுந்துச்சுன்னு நெனைக்க மட்டும் வலிக்குதா ஒனக்கு?"

நியாயம்தானே. திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். இப்படி ஏழு சாயங்காலம். நாளொன்றுக்கு இரண்டாகப் பதினாலு பன்றி விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. எட்டாம் நாள் காட்டில் ஒரு செடி மிச்சமில்லை.

பேச்சியக்கா வரப்பில் உட்கார்ந்து அழுதாள். சிரிக்கிற கதைதான், ஆனாலும் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. அழுது முடித்துவிட்டு எழுந்து, பன்றி கிளறிப் போட்ட மண்ணில் ஒற்றை ஒற்றையாகப் பொறுக்கினாள். ஒரு மரக்கால் கடலை தேறியது. அதை ஒருவருக்கும் காட்டாமல் மூடி வைத்தாள்.

அடுத்த பட்டத்தில் மழை பெய்தது. மூவரும் விதை கேட்டு வந்தார்கள். அவள் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

"இருக்குன்னு நெனைச்சு வெதைங்க."

அவர்களுக்குப் பழகிப்போன வேலை. அன்று முழுக்கத் தங்கள் காட்டில் விதைத்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டார்கள். பெரியவரைக் கூட்டிவந்து வரப்பில் காவலுக்குப் படுத்தார்கள். பன்றிகள் அந்தக் காட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஊரே பெரியவருக்கு மாலை போட்டது.

பேச்சியக்கா தன் கிணற்றடியில் நாலு பாத்தி போட்டிருந்தாள். பன்றிகள் அங்கேதான் வந்தன. காவல் மும்முரத்தில் இவர்கள் மறந்துபோயிருந்த தகரத்தை அவள் மறுபடி எடுத்துத் தட்டினாள். செடி தப்பித்தது. ஆனால் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்ட மூவருக்கும் மனசு இளகிவிட்டது.

"அக்கா, எங்க காட்டுல ஒரு பன்னி கால் வைக்கல. ஒங்களத்தான் போட்டுப் பாடாப் படுத்துது. ஒரு ராத்திரிக்குப் பெரியவர வச்சுக்கங்க" என்றார் ஒச்சப்பன்.

பேச்சியக்கா தகரத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "குடுத்துட்டதா நீங்க நெனைச்சுக்கங்கப்பா. வாங்கிக்கிட்டதா நான் நெனைச்சுக்கிறேன்."

நல்ல காரியம் செய்த நிறைவோடு போனார்கள்.

விடிந்ததும் மூவரும் அவள் வாசலில் நின்றார்கள். சன்னாசியின் தோளில் துப்பாக்கி இருந்தது.

"ஒரு ராத்திரின்னுதான பேச்சு? பெரியவரத் திருப்பிக் குடுத்துருங்கக்கா" என்றார் ஒச்சப்பன்.

பேச்சியக்கா சன்னாசியின் தோளைப் பார்த்தாள். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

ஒச்சப்பன் துப்பாக்கியைத் தோளிலிருந்து வாங்கி, நடுவில் மடக்கித் திறந்து, இரண்டு குழலுக்குள்ளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"உள்ள ரெண்டு தோட்டா இருந்துச்சேக்கா. ரெண்டையுமா சுட்டுட்டீங்க?"