குளத்தோரம் நின்ற உடும்பு

கடம்பங்காட்டு விலங்குகளுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். சுற்றுலா வந்த யாரோ விட்டுவிட்டுப் போன பந்துதான் அவர்களிடம் இருந்தது. குளத்தை ஒட்டிய வெட்டவெளியில் எதிரும் புதிருமாக இரண்டு மரங்களில் அடியில்லாத ஓலைக்கூடைகளைக் கட்டியிருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மூங்கில்காட்டோடு மாதம் ஒருமுறை ஆட்டம் நடக்கும்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் ஆட்டம்தான் வேலை. அவர்கள் இரை தேடிப் போக வேண்டியதில்லை. காடே அவர்களுக்குச் சாப்பாடு போட்டது.

அந்த ஐந்தில் ஒன்று உடும்பு. அதற்கு வயதாகிவிட்டது. அதன் மனைவிக்குப் பார்வை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆட்டத்துக்காகக் கிடைத்த நண்டும் கறையானும்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு. மனைவியைத் தனியே விட்டுவிட்டு இரை தேடி அலைவது உடும்பால் ஆகாத காரியம்.

அந்த வருடம் ஓர் இளம் காட்டுப்பூனை ஆட்டத்தில் இடம் கேட்டது. அது நின்ற இடத்திலிருந்தே மரக்கிளையைத் தொடும் அளவுக்குக் குதித்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பந்து போடும் மானையும் நரியையும் மாற்ற முடியாது," என்றது தலைவரான காட்டெருமை. "தடுத்து ஆடுகிற கரடி, கீரி, உடும்பு மூவரில் ஒருவரைத்தான் எடுக்க வேண்டும். யார் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்."

காலையில் தொடங்கிய பேச்சு, வெயில் ஏறியும் முடியவில்லை.

"இதில் பேச என்ன இருக்கிறது? கரடி அண்ணன்தான்," என்றது முயல். அது ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் பார்க்கும். "போன ஆட்டத்தில் கூடைக்குப் போன ஒன்பது பந்தைத் தட்டிவிட்டார். ஒன்று குளத்து நடுவில் போய் விழுந்தது. எடுத்துவர வாத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று."

"கரடி நின்ற இடத்தில் நின்று தட்டுவார். கீரி ஓடி ஓடிப் பிடுங்குவான்," என்றது மயில். "எதிராளி நாலடி போன பிறகுதான் கையில் பந்து இல்லை என்பதே அவனுக்குத் தெரியும்."

"உயரத்தில் வரும் பந்துக்கு அந்தக் குட்டையன் என்ன செய்வான்?"

"உன் அண்ணன் குனிந்து பந்தை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுமே, அதற்கு நீ என்ன செய்வாய்?"

கரடியும் கீரியும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன.

"சரி, உடும்பு மாமா எப்படி?" என்று கேட்டது காட்டெருமை.

மயில் தன் தோகையைக் கோதிக்கொண்டது.

"நல்லவர்," என்றது மயில்.

"நல்லவர்தான். யார் இல்லை என்றார்கள்? எத்தனை பந்தைத் தட்டிவிட்டார்? ஒன்றுமில்லை. எத்தனை பிடுங்கினார்? அதுவும் இல்லை," என்றது முயல். "எப்போதும் குளத்துப் பக்கம் நிற்கிறார். எதிராளி அந்தப் பக்கம் பந்தையே கொண்டுவருவதில்லை. பந்து வராத இடத்தில் நிற்க எதற்கு ஒரு ஆள்?"

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து உடும்பின் மனைவி பேசியது. "நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. காதால் கேட்கிறேன். பந்து தரையில் தட்டும் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்கிறது. குளத்துப் பக்கம் மட்டும் கேட்பதில்லை. அக்கரைக் கருங்குரங்கு அந்தப் பக்கம்தானே ஆடுகிறான்? அவன் என்ன, பந்து வேண்டாம் என்றா சொல்வான்?"

"அதைத்தான் அத்தை நானும் சொல்கிறேன். அங்கே ஒன்றுமே நடப்பதில்லை," என்றது முயல்.

காட்டெருமை உடும்பைப் பார்த்தது. உடும்புக்குத் தன்னைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லை. "இன்னும் கொஞ்ச காலம் ஆட ஆசை," என்று மட்டும் சொன்னது.

இடம் காட்டுப்பூனைக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் உடும்பு மெல்லச் சொன்னது: "இனிமேல் நமக்கு நண்டு வராது."

"நல்லதாய்ப் போயிற்று. கடித்துக் கடித்துத் தாடையெல்லாம் வலிக்கிறது," என்றது மனைவி. அது பொய் என்று உடும்புக்குத் தெரியும்.

அடுத்த ஆட்டம் வந்தது. காட்டுப்பூனை அழகாகக் குதித்தது. கூட்டம் கைதட்டியது. ஆனால் கருங்குரங்கு பந்தைப் போடுவது போல் கையை மட்டும் தூக்கும். பூனை மேலே எழும்பும். அது கீழே வருவதற்குள் குரங்கு சாவகாசமாகக் கூடையில் போட்டுவிடும். உதவிக்குக் கரடி ஓடி வந்தது. கரடி விட்டுவந்த இடத்தில் மூங்கில்காட்டுப் பன்றி தனியாக நின்று கூடை போட்டது. பன்றியை மறிக்கக் கீரி ஓடியது. இப்படி எல்லாம் குலைந்துபோயிற்று.

"குளத்துப் பக்கம் என்ன சந்தையா கூடியிருக்கிறது?" என்று கேட்டது உடும்பின் மனைவி.

இடைவேளையில் கடம்பங்காடு எட்டுக் கூடை பின்தங்கி இருந்தது. கருங்குரங்கு தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தது. அங்கே முயல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"எங்கே உங்கள் உடும்பு மாமா? காய்ச்சலா?" என்று கேட்டது குரங்கு.

"அவரை எடுத்துவிட்டோம்."

குரங்குக்குப் புரையேறிவிட்டது. "எடுத்துவிட்டீர்களா? ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். மூன்று வருடமாக என்மேல் படாமல், என்னைவிட்டு ஒரு சாண் விலகாமல் நின்றார். நான் எந்தக் காலை எடுத்து வைப்பேன் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பந்து போட்டுப் பயனில்லை என்று எங்கள் ஆட்களே விட்டுவிட்டார்கள். 'நீ இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறாயா?' என்று என் அம்மாவே கேட்டாள்."

முயல் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் காட்டெருமையிடம் எல்லாவற்றையும் சொன்னது. "தப்பு என்னுடையது. ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று கத்தினேன். ஏன் நடக்கவில்லை என்று பார்க்காமல் போய்விட்டேன்."

காட்டுப்பூனை தானாகவே எழுந்து உடும்பிடம் வந்தது. "நான் குதிக்கும்போதெல்லாம் அவன் சிரிக்கிறான். நான் வெளியே உட்காருகிறேன், மாமா. நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்."

உடும்பு களத்தில் இறங்கியது. அதன்பின் கருங்குரங்கு கைகளை நீட்டி நீட்டிப் பார்த்தது. அதன் ஆட்கள் உடும்பைப் பார்த்துவிட்டுப் பந்தை வேறு பக்கம் போட்டார்கள். கரடி தன் இடத்துக்குத் திரும்பியது. வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டது. ஆனாலும் எட்டுக் கூடை என்பது பெரிய பள்ளம். கடம்பங்காடு ஒரே ஒரு கூடையில் தோற்றது.

"உடும்பின் இடம் உடும்புக்கே," என்று காட்டெருமை அங்கேயே அறிவித்தது. மனைவி உடும்பின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

முயலுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "மாமா, நீங்களே சொல்லுங்கள். யார் சிறந்த தடுப்பாட்டக்காரர்?"

"கரடி," என்றது உடும்பு, யோசிக்காமல். "நான் ஏமாந்தாலும் பின்னால் அவன் இருக்கிறான். அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு நெருங்கி நிற்கிறேன்."

"நானா? கீரி பிடுங்கியது போக மிச்சம்தானே என்னிடம் வருகிறது?" என்றது கரடி.

"மாமா ஒரு பக்கத்தையே அடைத்துவிடுவதால் அல்லவா நான் இஷ்டத்துக்கு ஓடுகிறேன்?" என்றது கீரி.

மறுபடியும் விவாதம் தொடங்கிவிட்டது. இந்த முறை ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகவே வாதாடினார்கள்.

ஒருவரின் வேலையை அவர் செய்து காட்டியதை வைத்து மட்டும் அளக்காமல், அவர் இருப்பதால் நேராமல் போன தீங்குகளையும் எண்ணிப் பார்த்தே மதிக்க வேண்டும்.