நாலு தலை, ஒரு சைக்கிள்

கூழாங்குப்பத்தில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நான்கு பேருக்கும் தோளுக்கு மேலே தலை இருந்தது. அதை ஊரில் யாரும் மறுத்ததில்லை. மூத்தவன் மாசிலாமணி, அடுத்தவன் குப்புமுத்து, மூன்றாமவன் சடையாண்டி, கடைக்குட்டி தொந்தியப்பன்.

இப்போது சடையாண்டிக்குக் கல்யாணப் பேச்சு. பக்கத்து ஊர் நெடுங்கரையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஏகாம்பரம், தன் மகள் பூங்காவனத்தைத் தரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளை சைக்கிள் ஓட்டிக்கொண்டு வரவேண்டும்.

"சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் என் மருமகன்னு தெரிஞ்சா, கடைக்குக் காத்தடிக்கக்கூட எவனும் வரமாட்டான்" என்றார்.

சடையாண்டி ஐந்து நாள் பழகினான். ஐந்து நாளும் விழுந்தான். ஆறாம் நாள் அண்ணன் தம்பிகள் அவனைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். முழங்காலுக்கு மருந்து போட்ட டாக்டரம்மாவிடம், "எனக்கு மட்டும் ஏம்மா வரமாட்டேங்குது?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

டாக்டரம்மா சுவரில் இருந்த மூளைப் படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். "முன்பக்கம் முடிவெடுக்கும். பின்பக்கம் கண்ணு பார்த்ததைப் புரிஞ்சுக்கும். காதுக்கு உள்பக்கமா இருக்கிறது, கத்துக்கிட்டதை நினைவுல வைக்கும். பிடரிகிட்ட இருக்கிற சிறுமூளை, உடம்பு சாயாமப் பார்த்துக்கும். அதது வேலையை அதது செஞ்சு, ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கணும். நல்லாத் தூங்குங்க. தூக்கத்துலதான் கத்துக்கிட்டது பதியும்."

வீட்டுக்கு வந்ததும் நால்வரும் கூடி யோசித்தார்கள்.

"ஒரு தலைக்கு நாலு வேலையா? கல்யாணம் ஆகப்போற பையன் தாங்குவானா?" என்றான் மாசிலாமணி.

"நம்மகிட்ட நாலு தலை இருக்கே, பெரியண்ணே. ஆளுக்கு ஒரு வேலை" என்றான் குப்புமுத்து.

அப்படியே ஏற்பாடாயிற்று. முடிவெடுக்கும் மாசிலாமணி முன்னால் பாரில் உட்கார்ந்தான். பார்க்கும் குப்புமுத்து பின்னால் கேரியரில் உட்கார்ந்தான். நினைவில் வைக்கும் தொந்தியப்பன் சடையாண்டியின் காதோரமாகவே ஓடி வந்தான். சாயாமல் மிதிப்பது சடையாண்டியின் பொறுப்பு. ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது என்பதால், மாசிலாமணியும் சடையாண்டியும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

"என்ன தெரியுது, குப்பு?"

"கட்டம் போட்ட சட்டை, அண்ணே."

"எவ்வளவு தூரத்துல?"

"மூக்குல இடிக்குது."

"அவ்வளவு பக்கத்துல ஒரு ஆள் வந்தா வழி விடணும். ஒதுங்கு" என்று முடிவெடுத்தான் மாசிலாமணி.

சடையாண்டி தன் சட்டைக்கே வழிவிட்டு ஒதுங்கினான். பம்ப்செட் பக்கம் எல்லோரும் இடதுபுறமாக விழுந்தார்கள்.

சட்டை மறைக்காமல் இருக்க, மறுநாள் குப்புமுத்து பின்புறம் பார்த்து உட்கார்ந்தான். பார்வை தெளிவாயிற்று. "எருமை தெரியுது" என்பான். "ஒதுங்கு" என்பான் மாசிலாமணி. எருமை அதற்குள் கால் பர்லாங்கு பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

பம்ப்செட் வந்ததும் தொந்தியப்பன் கடமை தவறாமல், "இங்கதான் நேத்து இடது பக்கமா விழுந்தோம்" என்று ஞாபகப்படுத்தினான். சடையாண்டி இடது பக்கமாக விழுந்தான். வியாழக்கிழமைக்குள் அதை மூவரும் பிசகில்லாமல் கற்றுக்கொண்டார்கள்.

கற்றது பதியவேண்டுமே. அன்று மதியமே தொந்தியப்பனைப் படுக்கவைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையிலும் குறட்டை நிற்கவில்லை.

"இன்னும் பதிஞ்சு முடியல. எழுப்பினா பாதியில நின்னுடும்" என்றான் மாசிலாமணி. மூவர் மட்டும் புறப்பட்டார்கள்.

பம்ப்செட்டில் விழவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் அவர்கள் விழவில்லை. தரை வர இன்று ஏன் இவ்வளவு தாமதம் என்று சடையாண்டிக்கு வியப்பாக இருந்தது. நெடுங்கரை ரோடு நேரானது; எதிரே வந்தவர்களும் விவரமானவர்கள், குதித்து ஒதுங்கினார்கள்.

"ஏகாம்பரம் கடைப் பலகை தெரியுது. தாண்டிட்டோம்" என்றான் குப்புமுத்து.

"திரும்பு" என்றான் மாசிலாமணி.

சடையாண்டி திரும்பினான். திரும்பியது போதும் என்று யாரும் முடிவெடுக்காததால் திரும்பிக்கொண்டே இருந்தான். கடை வாசல் மைதானத்தில் சைக்கிள் வட்டமடித்தது. நிறுத்தவும் வழியில்லை. நிற்பதற்கு அவர்கள் அறிந்த ஒரே வழி விழுவது. அதை நினைவில் வைத்திருந்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஏகாம்பரத்துக்குப் பூரிப்பு. "மாப்பிள்ளை என்னமா ஓட்டறார்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார்.

பூங்காவனம் கடை வாசலில் டம்ளரோடு நின்றாள். "அப்பா, காபி ஆறுது. நின்னு பார்ப்பாரா, இல்ல நானும் கூட ஓடணுமா?"

"மாப்பிள்ளை," மூச்சிரைக்கக் கத்தினார் ஏகாம்பரம், "பொண்ணைப் பார்த்துக்குங்க. பிடிச்சிருக்கா?"

சடையாண்டிக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் பார்ப்பது அவன் வேலையில்லை. "சின்னண்ணே, பார்த்துச் சொல்லு."

குப்புமுத்து பின்னால் ஓடிவந்த ஒரே முகத்தை நிதானமாகப் பார்த்தான். "உருண்டை முகம். வேர்த்திருக்கு. நரைச்ச மீசை."

சைக்கிள் இன்னொரு சுற்று வந்தது.

"குணம் எப்படி?" என்று கேட்டான் மாசிலாமணி.

"நம்மளை விடாமத் துரத்தி வருது, அண்ணே. ரொம்பப் பாசம்."

"அப்ப சம்மதம்."

சடையாண்டி இன்னும் அரைச் சுற்று மிதித்தான். "சின்னண்ணே, மீசையைத் தொங்க விட்டிருக்காளா, முறுக்கி விட்டிருக்காளா?"

"முறுக்கித்தான் விட்டிருக்கு."

"சரி. கல்யாணத்துக்கு முன்னால எடுக்கச் சொல்லிடாதீங்க. மாலை போட்டா எடுப்பா இருக்கும்" என்றான் சடையாண்டி, கண்ணைத் திறக்காமலே.