பதினேழு டப்பாக்கள்

சனிக்கிழமை மாலை மணி நான்கு. டப்பாக்கள் பதினேழு. எல்லாம் அருளப்பனுடையவை.

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில், மாடி வீட்டுப் பெனாசிரிடம் மூன்று மாதமாகப் பாசிமாலை கோர்க்கப் படிக்கிறார். பெனாசிருக்கு அவர் வயதில் பாதி.

தயிர் டப்பா, மாத்திரை டப்பா, பழைய அஞ்சறைப்பெட்டி என்று வீட்டில் கிடந்த எதையும் அவர் விடவில்லை. பாசிமணியில் நிறத்துக்கு ஒரு டப்பா. முழு மாலை மட்டும் இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை.

மறுநாள் கோயில் திருவிழா. வாசலில் கடை போட ஒரு மேசை அவர் பெயரில் இருந்தது.

"ஆறு மணிக்குள்ள ஒரு மாலையாவது கண்ணுல காட்டுங்க" என்றாள் மனைவி செசிலி. "இல்லன்னா மேசை என் தங்கச்சி ஊறுகாய்க்கு. டப்பா அடுக்குறவருக்கு மேசை எதுக்கு?"

அருளப்பன் எல்லா டப்பாவையும் திறந்து தட்டில் பரப்பினார். முழங்கை தட்டியது. அத்தனை பாசியும் தரையில் கொட்டிக் கலந்தது.

பெனாசிர் இறங்கி வந்தபோது, அவர் பாசியைத் தாம்பாளத்தில் கூட்டி அள்ளி, சிவப்பைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி பண்றீங்க?"

"பிரிக்கிறேன் டீச்சர். பிரிச்சாத்தானே கோர்க்க முடியும்?"

"எப்ப முடியும்?"

"ராத்திரி ஆயிரும்." அவர் நிமிரவில்லை. "நாற்பது அறை வச்ச பெட்டி கடையில இருக்கு. அதை வாங்கியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

பெனாசிர் கொடியில் கிடந்த குளியல் துண்டை எடுத்துத் தரையில் விரித்தாள். தாம்பாளத்தை அதன்மேல் கவிழ்த்தாள். பாசி உருளாமல் நின்றது. பொறுக்கி வைத்த சிவப்பையும் அதிலேயே கொட்டினாள்.

"ஐயோ டீச்சர்!"

நைலான் நூலை வெட்டி, பாசி நழுவாதபடி ஒரு நுனியில் பிளாஸ்திரி ஒட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, உங்க பஸ்ல சட்டை நிறம் பார்த்தா ஆளை உட்கார வச்சீங்க?"

"அதெப்படி? கிடைச்ச இடத்துல உட்காருவாங்க."

"சண்டை வராதா?"

"வரும். வண்டி கிளம்பிட்டா அடங்கிரும்."

"வண்டி எப்படிக் கிளம்பும்?"

"நான் விசில் அடிச்சா கிளம்பும்."

"அப்ப அடிங்க."

அருளப்பன் துண்டைப் பார்த்தார். கைக்கு வந்த முதல் பாசி பச்சை. அதைக் கோர்த்தார். அடுத்து வந்தது மஞ்சள்.

2023 ஜூன் 11, ஞாயிறு. கோயில் வாசல் மேசையில் நான்கு மாலைகள் இருந்தன. நான்கும் கலப்பு நிறம். ஊறுகாய்க்கு வேறு மேசை கொடுத்தார்கள்.