பல்லியின் வாலில் இருந்த லத்தீன்

அந்தக் காலத்தில் பல்லி பேசும். தமிழ் மட்டுமல்ல, லத்தீனும் பேசும். கடற்கரையூர்க் கிறிஸ்தவக் கோயிலில், பீடத்துப் படத்துக்குப் பின்னால் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பல்லி அது. பிறந்த நாள் முதல் காதில் விழுந்ததெல்லாம் பூசை லத்தீன்தான். மற்ற உயிர்களுக்குப் பேச்சு நாக்கில் இருந்தது. பல்லிக்கு மட்டும் வாலில் இருந்தது. கேட்ட சொல் ஒவ்வொன்றும் வாலுக்குள் போய்ப் படிந்து படிந்து, அந்த வால் வெண்டைக்காய் போலத் தடித்துக் கிடந்தது.

ஊரில் பிள்ளைகளுக்கு வைப்பதெல்லாம் லத்தீன் பெயர்கள். அர்த்தம் யாருக்குத் தெரியும்? பல்லிக்குத் தெரியும். வீடு வீடாகப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, "ஸ்தெல்லாவா? நட்சத்திரம். ரெஜினாவா? ராணி. பெலிக்ஸ் என்றால் சந்தோஷக்காரன்" என்று எடுத்துவிடும். யாராவது "அடேயப்பா" என்றால் போதும், வாலை ஒரு சுழற்று சுழற்றும்.

அப்படி ஒரு கார்த்திகை மழையில் அது அமலி வீட்டுச் சுவரில் இருந்தது. அமலிக்குத் தலைப்பிள்ளை பிறந்து எட்டாம் நாள். பெண். எட்டு நாளாகியும் பிள்ளை கண் திறக்கவில்லை. பால் குடித்தது, கொட்டாவி விட்டது, அமலியின் விரலை இறுகப் பிடித்தது. இமை மட்டும் ஒட்டிவைத்தாற்போல மூடியே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் "திறக்கும், திறக்கும்" என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு வாசலில் போய்க் குசுகுசுத்தார்கள்.

அன்றுதான் ஞானஸ்நானம். பெற்றவள் நாற்பது நாள் படி தாண்டக் கூடாது. ஞானத்தாய்தான் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போய், ஞானஸ்நானத் தொட்டியருகே பெயரைச் சொல்லவேண்டும். அமலியின் நாத்தனார் கித்தேரிதான் ஞானத்தாய். வெள்ளைச் சட்டை எங்கே, சரிகைத் தொப்பி எங்கே, குடை எங்கே என்று வீடே அமளிதுமளிப்பட்டது.

"என்ன பேரு மைனி சொல்லப்போறீங்க?" என்று அமலி கேட்டாள்.

"அதான் எனக்கும் ஓடல. எங்கம்மை பேரு லூசியாவை வைக்கணும்னு ஆசை. இன்னைக்குன்னு பாத்து செசிலியம்மா திருநாள். திருநாளும் அதுவுமா அவ பேரை விட்டா நல்லாவா இருக்கும்? தொட்டிகிட்ட போனதும் வாயில எது வருதோ அது."

"உன் வாயில எல்லாந்தான் வரும்" என்றார் குடையை விரித்துக்கொண்டே கித்தேரியின் புருஷன் கஸ்பார். "சாமி தண்ணியைக் கையில எடுத்துக்கிட்டு ராத்திரி வரைக்கும் நிக்கணும்."

அவர்கள் மழையில் இறங்கிப் போனதும் அமலி சுவரைப் பார்த்தாள். "பல்லியாரே, அந்த ரெண்டு பேருக்கும் என்ன அர்த்தம்?"

கேட்கமாட்டாளா என்றுதான் பல்லி காத்திருந்தது. "லூசியா என்றால் வெளிச்சம்."

"செசிலியா?"

"கண்ணில்லாதவள்" என்று பட்டென்று சொல்லிவிட்டு வாலைச் சுழற்றப்போன பல்லி, அமலியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றது.

"செசிலியம்மா பெரிய அர்ச்சிஷ்டவள், புனிதைதான், தாயே. பெயர்தான் அப்படி. பெயரில் என்ன இருக்கிறது? விக்தோர் என்றால் ஜெயித்தவன். உன் பக்கத்து வீட்டு விக்தோர் சீட்டாட்டத்தில் ஒருநாளாவது ஜெயித்திருக்கிறானா?"

"அவன் தோத்தா சீட்டோட போச்சு. இவளுக்குக் கண்ணு." அமலி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படிவரை போனாள். நாற்பது நாள் நினைவு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நீரு ஓடும். போய் மைனிகிட்ட சொல்லும். உமக்குப் புண்ணியமாப் போகும்."

பல்லி ஓடியது. ஓலைக்கூரையில் ஓடி, காயப்போட்ட வலையில் தாவி, நனைந்த சுவரில் வழுக்கி, மறுபடி ஏறி, கோயில் சன்னல் விளிம்பைப் பிடித்துவிட்டது. உள்ளே மெழுகுதிரி எரிவது தெரிந்தது. கித்தேரியின் வெள்ளை முக்காடு தெரிந்தது. இன்னும் பத்தே தாவல்.

வாலின்மேல் ஒரு பாதம் விழுந்தது. கோயில் உபதேசியார் வீட்டுப் பூனை.

"வாங்க பண்டிதரே. என்ன இவ்வளவு அவசரம்?"

"விடு, விடு. ஒரு பிள்ளையின் கண் காரியம்."

"விடுறேன். மொதல்ல எனக்கு ஒரு பேரு வச்சு அர்த்தம் சொல்லும். இத்தனை வருசமா என்னைச் 'சீ போ'ன்னுதான் கூப்பிடுதாங்க."

உள்ளே சாமியார் கேட்டார்: "பிள்ளைக்கு என்ன பெயர்?"

பல்லி கத்திப் பார்த்தது. மழை இரைச்சலில் அந்தக் குரல் சன்னலைத் தாண்டவில்லை. வாலை விட்டால் போய்ச் சேரலாம். ஆனால் வாலோடு பேச்சும் போகும். ஸ்தெல்லாவும் ரெஜினாவும் வீடு வீடாகக் கிடைத்த அடேயப்பாவும் போகும். பேச்சில்லாமல் போய் எதைச் சொல்வது என்று பல்லி யோசிக்கவே இல்லை. படியில் உட்கார்ந்திருந்தவளின் முகம்தான் கண்ணில் நின்றது. உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, வாலை அறுத்துவிட்டுப் பாய்ந்தது.

பூனையின் காலடியில் வால் தனியாகத் துள்ளியது. பூனை அலறிக்கொண்டு மழைக்குள் ஓடியது.

பல்லி தொட்டிக்கு மேலே சுவரில் வந்து நின்று வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

கீழே கித்தேரி புருஷன் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். "செசிலியான்னே சொல்லிரட்டா?"

பல்லி மூச்சுக் காட்டாமல் இருந்தது.

"இல்ல, லூசியாவா?"

பல்லியின் தொண்டையில் ஒரே ஒரு துணுக்கு மிச்சமிருந்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதை வெளியே தள்ளியது. "ச்சு."

கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள். "செசிலியா" என்றாள் மெல்ல. சுவர் பேசாமல் இருந்தது. "லூசியா" என்றாள். "ச்சு, ச்சு, ச்சு."

"பாத்தீங்களா, பல்லி சொல்லிட்டு" என்றவள் சாமியாரிடம் திரும்பினாள். "லூசியா, சாமி."

குடை தெருமுனையில் வரும்போதே அமலி கேட்டுவிட்டாள்: "என்ன பேரு மைனி?"

"எங்கம்மை பேருதான். லூசியா."

அமலி பிள்ளையை வாங்கி, விளக்குப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். "வெளிச்சம்" என்று அதன் காதுக்குள் சொன்னாள். "என் வெளிச்சமே." பிள்ளை முகத்தைச் சுளித்தது. ஒரு இமை துடித்தது. மற்றதும் துடித்தது. இரண்டு கறுத்த கண்கள் திறந்தன, விளக்கைப் பார்த்தன, பிறகு சுவரில் ஊர்ந்துபோன ஒரு மொட்டைவால் நிழலின் பின்னாலேயே போயின.

"மைனி, இவ பார்க்கிறா."

"ச்சு" என்றது சுவர்.

அமலி தரையை விரலால் மூன்று தரம் தட்டினாள். பேச்சிழந்தவருக்கு வேறு எப்படி நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பல்லிக்கு மறுபடி வால் முளைத்தது. அதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. அன்று முதல்தான் நாம் பேசும்போது பல்லி சொன்னால் அது நடக்கும் என்று தரையைத் தட்டி நம்புகிறோம். தொட்டில் பிள்ளைகள் கண் விழித்ததும் சுவரில் பல்லியைத் தேடுகிறார்கள். அறுந்து விழுந்த வாலோ, உள்ளே இருக்கும் பெயர்களுக்கெல்லாம் ஒரு பிள்ளை கிடைக்காதா என்று கிடந்து துள்ளுகிறது.