ரோஜாக் குச்சிக்குச் சந்தனம்

கொண்டல்ராய ஜமீன்தாருக்கு எதிலும் பகட்டு வேண்டும். ஒருநாள் தோட்டக்காரி பூவாத்தாளிடம் ஒரு ரோஜாக் குச்சியையும் ஒரு பெட்டிச் சந்தனத்தூளையும் கொடுத்தார்.

"அழுக்கு மண் கூடாது. இந்தச் சந்தனத்தில்தான் இது வேர் விட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்து வீட்டைக் காலி செய்!"

சந்தனத்தில் குச்சி அழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆற்றுமணலில் தேங்காய் நார்த்தூளைக் கலந்து அதில் நட்டு, நிழலில் வைத்தாள். குச்சி வேர் விட்டுத் தளிர்த்தது. விருந்தினர்களோடு பார்க்க வந்த ஜமீன்தார், தொட்டியில் மணலைக் கண்டு குதித்தார்.

"சந்தனம் எங்கேடி?"

"பெட்டியிலேயே பத்திரமா இருக்குங்க எசமான். வேருதானுங்களே செடிக்குக் காலு? எசமான் நெத்தியில இடுற சந்தனத்தை இந்தக் குச்சி காலால மிதிக்கலாமுங்களா?"

விருந்தினர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜமீன்தார் கனைத்துக்கொண்டார்.

"அதைத்தான் நானும் நினைத்தேன். உனக்குத் தோன்றுகிறதா என்று சோதித்துப் பார்த்தேன்!"

தோட்டத்து வீட்டைப் பற்றி அதன்பிறகு அவர் பேச்சே எடுக்கவில்லை.