வானம் இன்னும் எடுக்காத துண்டு

விலை பேசப் போர்த்திய துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு போனவன் நீ. விலை படியவும் இல்லை, முறியவும் இல்லை. நடுச்சந்தையில் என் விரலை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனாய். நீ விற்க வந்த மயிலைக் காளையும் என் மயிலையும் ஒரே நுகத்தில் வளர்ந்த ஜோடி. பிரிக்க வேண்டாம், உன்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றுதானே கேட்டேன்?

சந்தைக்குப் போகும்போது வண்டியில் மல்லாந்து கிடந்து பார்ப்போமே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு வெளிச்சம். அதன் கதையைச் சொன்னவனே நீதான். மறந்திருப்பாய். கேள்.

அந்தக் காலத்தில், பறவையும் வானமும் நேருக்கு நேர் பேசிக்கொண்டபோது, இரவுக்கு நிலா மட்டும்தான். அமாவாசை என்றால் கும்மிருட்டு. ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டையிடும். இரண்டு முறை மாடுகள் மிதித்துக் கூழாக்கிவிட்டன. மூன்றாவது முறை நான்கு முட்டை இட்டதும் அது வானத்திடம் போயிற்று.

“அண்ணாச்சி, கொஞ்சம் நட்சத்திரம் வேண்டும். மாட்டுக் கண்ணுக்கு முட்டை தெரிகிற அளவுக்கு.”

“பதிலுக்கு என்ன தருவாய்?”

“என்னிடம் என்ன இருக்கிறது? தூக்கம்தான்.”

பிறந்ததிலிருந்து கண் மூடாத வானத்துக்கு ஆசை வந்துவிட்டது. வெள்ளைத் துண்டை விரித்துக் கையை மறைத்தது. குருவி தன் காலை உள்ளே நீட்டியது. மற்றவர் கண்ணில் படாமல் விரலைத் தொட்டு விலை பேசுவதுதானே சந்தை முறை.

“மூன்று விரலை வைத்துக்கொண்டா பேரத்துக்கு வந்தாய்?”

“ஏமாறாமல் இருக்க மூன்று போதும், அண்ணாச்சி.”

வானம் மூன்று விரலையும் பிடித்தது. இரவில் மூன்று சாமத் தூக்கம் வேண்டுமாம். குருவி ஒற்றை விரலை நீட்டியது. சரக்கைக் காட்ட, வானம் துண்டுக்கடியில் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாய் உண்டாக்கியது. துண்டே மினுங்கியது. ஓரத்தில் நழுவியவை வானமெங்கும் சிதறின. மூன்று மட்டும் மேலே வரிசையாக நின்றன. இரண்டு விரலில் படியும் நேரம், கீழே குளம்புச் சத்தம்.

குருவி காலை உருவிக்கொண்டு, கத்தியபடி இறங்கியது. மாடுகள் மிரண்டு விலகின. நான்கு முட்டையும் பிழைத்தன. ஆனால் அவற்றை விட்டுவிட்டு மறுபடி மேலே போக அதற்குத் துணிவு வரவில்லை. வானமோ முறை தெரிந்தது. எதிர்க்கை வராமல் துண்டை எடுக்காது.

அன்று முதல்தான் அந்த வெளிச்சம் துண்டு மூடியபடி மங்கலாய்க் கிடக்கிறது. உள்ளே இன்றும் நட்சத்திரம் பிறந்துகொண்டே இருக்கிறது. அன்று முதல்தான் ஆட்காட்டியும் தூக்கத்தை விற்காமல், தூங்கவும் முடியாமல் இரவெல்லாம் கத்துகிறது.

குருவிக்கு முட்டை இருந்தது, ஓடியது நியாயம். உனக்கு என்ன இருந்தது? என் மயிலைக் காளை தொட்டியில் வாய் வைக்காமல் உன் வீட்டுப் பக்கமே பார்த்து நிற்கிறது. துண்டு என் தோளில்தான் கிடக்கிறது. வா. வந்து கையை வை. இந்த முறை முடித்துவிட்டுப் போ.