ஒரு செங்கல் உயரம்

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். அதற்கு ஒரு நூலகம், நூலகத்துக்குள் ஒரு கருத்தரங்கக் கூடம், கூடத்து வாசலில் ஒரே ஒரு படி. படி என்றால் ஒரு செங்கல் உயரம்தான். அதில் ஏற வழி செய்யும் வேலை ஒரு குழுவிடம் போனதே, அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

சங்கரவடிவு சக்கர நாற்காலியில் நடமாடுகிறவள். குளத்து மடைகளைப் பற்றி ஆறு வருடம் மாங்கு மாங்கென்று ஆராய்ந்து எழுதி முடித்திருந்தாள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அந்தக் கூடத்தில்தான், இருபது நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. அவள் அங்கே போகும்போதெல்லாம் நாலு பேர் சேர்ந்து கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவைப் போல அவளைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். அவளுக்கு அது அடியோடு பிடிக்காது. அன்றைக்கு ஒரு நாளாவது தன் கையால் உருட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "வாசலில் ஒரு பலகை போட்டால் போதும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

போட்டிருக்கலாம். ஆனால் அந்த வருடம் பார்த்து மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி செய்ய ஒரு மாணவர் குழுவைத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு அதுவரை வேலையே வரவில்லை. விண்ணப்பம் நேராக அங்கே போய்விட்டது.

குழுவில் கொம்பையா, ஜெபசிங், மைதீன் என்று மூன்று பேர், பொறியியல் மூன்றாம் ஆண்டு. தங்கமான பிள்ளைகள். பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள், அதுதான் தொல்லை. அவர்களுக்கு வழிகாட்டி பேராசிரியர் ஞானதிரவியம். அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் கொம்பையா ஒரு நீல நோட்டில் எழுதிவிடுவான். அவர் தும்மியதுகூட அதில் இருந்தது, தேதியோடு.

"பயனாளியோட கஷ்டம் தெரியாம கருவி செய்யாதீங்க. மூணு நாள் அந்த நாற்காலியில உக்காந்து பாருங்க" என்றார் பேராசிரியர்.

அரை மணி நேரத்தில் மூவரும் வடிவு தங்கியிருந்த விடுதி வாசலில் நின்றார்கள். "அக்கா, நாற்காலியக் குடுங்க. மூணு நாள்ல தந்துருதோம்."

"அது வரைக்கும் நான் என்ன செய்ய?"

கொம்பையா நோட்டைப் புரட்டினான். "அதப் பத்தி சார் ஒண்ணும் சொல்லலைக்கா."

மூன்று நாள் வடிவு கட்டிலிலேயே கிடந்தாள். நாலாம் நாள் நாற்காலியும் அறிக்கையும் வந்தன. 'நாற்காலி மிக வசதியாக இருக்கிறது. கஷ்டம் எதுவும் தென்படவில்லை. நடுவில் ஒரு படி வந்தது. இறங்கி, நாற்காலியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டோம். பயனாளியும் அவ்வாறே செய்யலாம்.'

வடிவு அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபப்பட்டால் அதையும் எழுதிக்கொள்வார்களே என்ற பயம் அவளுக்கு.

அடுத்து பேராசிரியர், "ஒரு தடவை அளந்தத நம்பாதீங்க, மூணு தடவை அளங்க" என்றார். காலையில் அளந்தார்கள், மத்தியானம் அளந்தார்கள், சாயங்காலமும் அளந்தார்கள். எழுபத்தாறு மில்லிமீட்டர், எழுபத்தைந்து, எழுபத்து நாலு என்று வந்தது. ஆளுக்கொரு தடவை, ஆளுக்கொரு ஸ்கேலில் அளந்தது அவர்களுக்குத் தோன்றவில்லை.

"படி தேயுதுல" என்றான் மைதீன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிமீட்டர். முப்பத்தெட்டு நாள்ல தரையோட தரையாயிரும்" என்று கணக்குப் போட்டான் ஜெபசிங். "அக்கா, தேர்வ ஒரு மாசம் தள்ளி வைக்க முடியுமா?"

மறுநாள் காலையில் பழையபடி எழுபத்தாறு இருந்தது. மூவரும் படியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ராத்திரி வளருது போல" என்றான் மைதீன். கொம்பையா எழுதிக்கொண்டான்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, "ஆள வச்சு சோதிக்கிறதுக்கு முன்னால ஆளில்லாம சோதிங்க" என்று சொல்லி அனுப்பினார் பேராசிரியர். வடிவைக் கல்பெஞ்சில் இறக்கி உட்கார வைத்துவிட்டு, வெறும் நாற்காலியில் கயிற்றைக் கட்டி உள்ளே இருந்து இழுத்தார்கள். அது ஒரு குதி குதித்துக் கூடத்துக்குள் போய் நின்றது. மூவரும் கை தட்டினார்கள்.

"நான் இன்னும் வெளியதான் இருக்கேன்" என்றாள் வடிவு.

"ஆமாக்கா. நீங்க ஏறுனாத்தான் எல்லாம் கெட்டுப்போகுது" என்றான் கொம்பையா வருத்தத்தோடு. அன்றைய அறிக்கை: 'கருவியில் குறை இல்லை. பயனாளியைச் சேர்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது.'

வியாழக்கிழமை மத்தியானம் வடிவு கெஞ்சிப் பார்த்தாள். "தம்பி, நாளைக்குத் தேர்வு. ஒரே ஒரு பலகை."

"இன்னைக்கே தொடங்குதோம்க்கா. ஆனா வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னால அறிவிப்பு வைக்கணும்னு சார் சொல்லிருக்காரு."

சாயங்காலத்துக்குள் அறிவிப்பு வந்துவிட்டது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நல்ல கனமான மரப்பலகை. 'மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் இவ்விடத்தில் விரைவில்' என்று எழுதி, கீழே பேராசிரியரோடு சேர்த்து நாலு பேர் பெயரையும் போட்டிருந்தார்கள். வாசல் தூணில் அதைக் கயிற்றால் கட்டிவிட்டு, அடுத்து என்ன என்று கேட்கப் பேராசிரியரைத் தேடிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வடிவு தனியாக அந்த வாசலுக்கு வந்தாள். பலகையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நூலக உதவியாளர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இத அவுத்து அந்தப் படி மேல சாச்சுப் போடுங்க."

"எழுத்து அழிஞ்சிருமேம்மா."

"அழியட்டும்."

அவர் போட்டார். வடிவு சக்கரத்தை அழுத்தித் தள்ளினாள். 'மாற்றுத்திறனாளி' மேலே ஏறி, 'விரைவில்' மேலே உருண்டு, ஒருத்தர் கையும் படாமல் உள்ளே போனாள். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டுதான் தேர்வாளர்களுக்கு வணக்கம் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் மடைகளைப் பற்றிக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பட்டம் கொடுக்கலாம் என்று சொல்லி, கை குலுக்கிவிட்டு, தேர்வாளர்கள் பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

முனைவர் சங்கரவடிவு சிரித்த முகத்தோடு வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். படியில் பலகையைக் காணோம். அது பழைய இடத்தில் நிமிர்ந்து நின்றது. மூவரும் சுத்தியலோடு நின்றார்கள்.

"எவனோ நம்ம போர்ட கீழ போட்டு, அது மேல வண்டி ஏத்திருக்கான்க்கா" என்றான் கொம்பையா. "இனிமே அசைக்க முடியாது. பன்னெண்டு ஆணி அடிச்சாச்சு."

"அந்த எவனோ நான்தான். அதுல ஏறித்தான் உள்ள வந்தேன். இப்ப எப்படி இறங்க?"

கொம்பையா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினான்.

"நாங்க இவ்வளவு நாளும் ஆராஞ்சது ஏறுறதப் பத்தி. இறங்குறது வேற பிரச்சினைக்கா" என்றான் மரியாதையாக. "முதல்ல இருந்து தொடங்கணும். கொஞ்சம் எந்திரிங்க, நாற்காலிய மூணு நாள்ல தந்துருதோம்."